உங்கள் சரீரத்தை நீங்கள் பார்த்ததுண்டா?



உங்கள் சரீரத்தை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? "தினந்தோறும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேனே!" என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். நான் கேட்பது அந்தக் கண்ணாடியைப் பற்றியல்ல. உங்கள் கன்னத்தின் உட்புறம் எதனால் ஆனது? உங்கள் பற்களின் இடுக்குகளில் குடியிருப்பவர்கள் யார்? உங்கள் விரல் நுனியில் துளிர்க்கும் ஒரு சொட்டு இரத்தத்துக்குள் என்ன இருக்கிறது? நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இந்தச் சரீரத்தோடு வாழ்ந்தும், நம்மில் அநேகர் இவற்றில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

மும்பையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்துநான்கு ஆண்டுகளாக நான் வேலை செய்துவருகிறேன். அங்கே நான் பார்ப்பதெல்லாம் பிறருடைய இரத்தமும் சளியும் சிறுநீருமே. என் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அவளுக்காக ஒரு சிறிய நுண்ணோக்கி வாங்கினோம். ஹரியானாவிலுள்ள அம்பாலாவில் செய்யப்பட்டது. பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் சாதாரண வகைதான். எங்கள் ஒற்றை அறை வீட்டில் அதற்கென்று மேஜை கிடையாது. அரிசி டின்னின்மேல் ஒரு பலகையைப் போட்டு, ஜன்னலோரம் வைத்தோம். அன்றுமுதல் எங்கள் மாடியிலுள்ள பிள்ளைகள், தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் மராட்டியர் வீட்டுப் பிள்ளைகளும், சனிக்கிழமை மாலைகளில் வரிசையாக வந்து நிற்பது வழக்கமாயிற்று. அந்தப் பலகையின் அருகே நின்று நான் கற்றுக்கொண்ட ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு துணி வியாபாரியின் ஆர்வம்

தன் சரீரத்திலிருந்து வந்தவற்றைத் தன் வீட்டிலேயே பெரிதாக்கிப் பார்த்த மனிதர்களில் மிகப் பிரசித்தமானவர் ஒரு துணி வியாபாரி. ஹாலந்து தேசத்தின் டெல்ஃப்ட் நகரில் 1632-ஆம் ஆண்டு பிறந்த ஆண்டனி வான் லேவன்ஹூக் என்பவரே அவர். அவர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்தவரல்ல. அக்காலத்துக் கல்விமான்களின் மொழியாகிய லத்தீனும் அவருக்குத் தெரியாது. ஆனால் தம் கைகளாலேயே சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, ஒற்றை வில்லை நுண்ணோக்கிகளைச் செய்தார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது ஒரு பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

அவர் குளத்து நீரையும் மிளகு ஊறிய நீரையும் பார்த்ததோடு நிற்கவில்லை. 1674-இல் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை விவரித்து எழுதினார். 1681-இல் தமக்கு வயிற்றுப்போக்கு உண்டானபோது, அந்த மலத்தையும் எடுத்துப் பார்த்தார். அதில் நகரும் சிறு உயிரிகளைக் கண்டார். அவர் கண்டது இன்று நாம் ஜியார்டியா என்று அழைக்கும் குடல் ஒட்டுண்ணியாக இருக்கவேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1683-இல், தினந்தோறும் உப்பினால் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்த தம் பற்களின் இடுக்கிலிருந்து வெண்மையான மாவு போன்ற பொருளை எடுத்து, மழைநீரில் கலந்து நோக்கினார். அதற்குள் துள்ளியும் சுழன்றும் நீந்தியும் திரிந்த உயிரிகளைக் கண்டு வியந்து, லண்டனிலுள்ள ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

படிப்பும் பட்டமும் இல்லாத ஒருவர், தம் சொந்தப் பல்லின் அழுக்கிலிருந்து ஒரு புதிய உலகத்தைக் கண்டார் என்பதை நினைத்துப்பாருங்கள். ஊரை விட்டு வந்து, பட்டணத்தில் கைத்தொழில் செய்து பிழைக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய உற்சாகம்!

எங்கள் பலகையின்மேல் நாங்கள் கண்டவை

முதலாவது, கன்னத்தின் உட்புறம். பிள்ளைகள் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தேய்ப்பார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு துளி மெத்திலீன் நீலம் விடவேண்டும். வண்ணமீன் கடைகளில் மீன்களுக்கு மருந்தாக விற்கும் நீலச் சாயமும் இதுவே. மேலே மெல்லிய மூடுதகட்டை வைத்து, முதலில் 100 மடங்கிலும் பிறகு 400 மடங்கிலும் நோக்கினால், தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டைகளைப்போல ஒழுங்கற்ற ஓரங்களுடைய செல்கள் தென்படும். ஒவ்வொன்றின் நடுவிலும் கரும்நீலப் புள்ளியாக அதன் உட்கரு இருக்கும். ஒரு செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். "இது உன்னுடையது" என்று நான் சொன்னபோது, பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் தன் கன்னத்தைத் தொட்டுப்பார்த்தான்.

இரண்டாவது, பற்களின் அழுக்கு. இதற்குச் சாயம் தேவையில்லை. வெளிச்சத்தைச் சற்றே குறைத்து, 400 மடங்கில் பொறுமையாக நோக்கவேண்டும். புள்ளிகளும் கோடுகளுமாக ஏதோ அசையும். சில துடிக்கும், சில விரைந்து ஓடும். பாக்டீரியாக்கள் நம் கருவியில் புள்ளியளவே தெரியும் என்றாலும், அவை உயிரோடிருக்கின்றன என்பதை அறிய அதுவே போதும். அன்று இரவு எங்கள் மாடியில் எல்லாப் பிள்ளைகளும் சொல்லாமலே பல் துலக்கினார்கள்!

மூன்றாவது, தலைமயிர். ஒரு மயிரின் பருமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் வெளிப்புறம் ஓட்டுக்கூரைபோலச் செதில் செதிலாக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மயிரில் ஒட்டியிருக்கும் ஈரை 40 மடங்கில் காட்டினால் போதும். சீப்பை எடுக்கச் சொல்லித் தாய்மார் இனி வற்புறுத்த வேண்டியதில்லை.

நான்காவது, இரத்தம். இதைப் பிள்ளைகளின் விரலிலிருந்து நான் எடுப்பதேயில்லை. என் விரலிலிருந்தே, உறை பிரிக்காத புதிய ஊசிமுனையால் ஒரு துளி எடுப்பேன். சாயமின்றிப் பார்க்கையில் பிள்ளைகள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "அம்மா, சிவப்பாகவே இல்லையே?" உண்மைதான். ஒரு சிவப்பணுவைத் தனியே பார்த்தால் அது வெளிறிய மஞ்சளாகவே தெரியும். இலட்சக்கணக்கில் அவை நெருங்கிச் சேரும்போதுதான் நம் கண்ணுக்கு அது செந்நிறமாகிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது ஊசிமுனையளவு துளியில், ஏறக்குறைய 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாட்கள் உழைத்துவிட்டு மறைகிறது. அதன் இடத்துக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியது வருகிறது. நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. சில வேளைகளில் அவை நாணயங்களை அடுக்கிவைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதையும் காணலாம்.

இவற்றையெல்லாம் காண்கிறவன் தன் சரீரத்தை அற்பமாக எண்ணமாட்டான். புகையாலும் மதுவாலும் இதைக் கெடுப்பதற்கு முன்னே ஒரு கணமாவது யோசிப்பான்.

கண் ஏமாறும் இடங்கள்

ஆனாலும் பிரியமானவர்களே, நுண்ணோக்கி காட்டுவதெல்லாம் நாம் நினைக்கிறதல்ல. இதை நான் சற்று விரிவாகச் சொல்லியாகவேண்டும்.

ஒருநாள் பிள்ளைகள், "புழு! புழு!" என்று கூச்சலிட்டார்கள். ஒரு சிறுமியின் உமிழ்நீரில் நீண்ட, நெளிந்த, ஒளி ஊடுருவும் ஒன்று கிடந்தது. அச்சிறுமி அழ ஆரம்பித்துவிட்டாள். அது அவள் முகம் துடைத்த துண்டிலிருந்து வந்த பருத்தி இழை. கறுத்த தடித்த வளையத்தோடு உருண்டையாகத் தெரிவது பெரும்பாலும் காற்றுக்குமிழியே. நீங்கள் கண்ணை அசைக்கும்போது கூடவே அசையும் கரிய கோடுகள் உங்கள் சொந்தக் கண்ணிமை மயிர்கள்.

இரத்தத் துளி காய ஆரம்பித்தால், சிவப்பணுக்களின் ஓரம் முள்முள்ளாகச் சுருங்கும். அறியாதவர் அதைக் கண்டு, "என் இரத்தமே கெட்டுப்போயிற்று" என்று கலங்குவார். சிறுநீரைச் சற்று நேரம் ஆறவிட்டால், அதில் கரைந்திருந்த உப்புகள் பளிங்குகளாகப் படியும். கால்சியம் ஆக்சலேட் என்னும் பளிங்கு, தபால் உறையின் பின்புறத்தைப்போலக் குறுக்குக் கோடுகளோடு அழகாகத் தோன்றும். ஆரோக்கியமான மனிதரிடத்திலும் இதைக் காணலாம். கண்டவுடன், "எனக்குக் கல் அடைத்திருக்கிறது" என்று தீர்மானித்துப் பயந்து, கண்ட கஷாயத்தையெல்லாம் குடிப்பவர்கள் உண்டு.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமும் இதுதான். சாயம் சரியாகக் கழுவப்படாமல் சிவப்பணுவின்மேல் படிந்த துகளும், சிவப்பணுவின்மேல் தற்செயலாக ஏறி அமர்ந்த இரத்தத்தட்டும், மலேரியாக் கிருமியைப்போலவே தோன்றும். அதைப் பார்த்து மலேரியா என்று எழுதிக்கொடுத்தால், இல்லாத வியாதிக்கு மருந்து உண்ணவேண்டி வரும். அதற்கு மாறாக, உண்மையான கிருமியைத் துகள் என்று தள்ளிவிட்டால் ஓர் உயிரே போய்விடக்கூடும். ஆகவே பழகிய கண்ணுக்கும் பழகாத கண்ணுக்கும் உள்ள வித்தியாசம், கண்ணின் கூர்மையில் இல்லை. எது நோய், எது நோயல்ல என்று ஆயிரம்முறை ஒப்பிட்டுப் பார்த்த பயிற்சியில் இருக்கிறது.

இருநூறு ஆண்டுகள்

காண்பது வேறு, அறிவது வேறு. உலகமே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா?

லேவன்ஹூக் பாக்டீரியாக்களைக் கண்ட செய்தியை எழுதியது 1676-இல். ஆனால் அவை மனிதருக்கு வியாதியை உண்டாக்கும் என்பதை அவர் அறியவில்லை. ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ஒரு குறிப்பிட்ட கிருமியே ஆந்த்ராக்ஸ் என்னும் கால்நடை நோயை உண்டாக்குகிறது என்று காட்டியது 1876-இல். நடுவே சரியாக இருநூறு ஆண்டுகள்! அதே கோக் 1882 மார்ச் 24-ஆம் தேதி காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்தக் கிருமி அதற்கு முன்னும் எத்தனையோ பேருடைய சளியில் இருந்தது. அதைத் தனித்துக் காட்டும் சாயமும், இதுதான் காரணம் என்று நிரூபிக்கும் முறையும் அதுவரை இல்லை.

நம் இந்திய தேசத்திலும் இப்படிப்பட்ட சரித்திரங்கள் உண்டு. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். உசேன் கான் என்னும் நோயாளி கொசுக்கள் தம்மைக் கடிக்க இடம் கொடுத்தார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி பெற்றார். கொசுக்கள் காற்றில் பறந்துவிடாதபடி விசிறியையும் நிறுத்திவிட்டு, நெற்றி வியர்வையால் கருவியின் திருகுகள் துருப்பிடிக்கும் வரையில் ராஸ் நோக்கிக்கொண்டிருந்தார். 1903-இல் சென்னை பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் கிருமியை நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் கண்டார். அதே ஆண்டில் இக்கிருமியைப் பற்றி எழுதிய லீஷ்மன் என்பவரின் பெயரைத் தாங்கிய சாயத்தையே இன்றும் எங்கள் பரிசோதனைக் கூடங்களில் இரத்தப் படலத்துக்கு ஊற்றுகிறோம்.

இவர்களில் ஒருவரும் ஒருமுறை எட்டிப்பார்த்து, "கண்டுகொண்டேன்" என்று சொன்னவர்களல்லர். மறுபடியும் மறுபடியும் பார்த்து, மற்றவர்களுக்கும் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே அது அறிவாயிற்று.

ஒரு தம்பி கொண்டுவந்த சிறு பாட்டில்

2019-ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியிருந்தோம். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தம்பி வாசலில் வந்து நின்றார். கையில் பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு சிறு பாட்டில். உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

"அக்கா, ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை. இராத்திரியில் காய்ச்சல் வருகிறது. இதில் என் சளி இருக்கிறது. உங்கள் வீட்டில் மைக்ராஸ்கோப் இருக்கிறதல்லவா? யாருக்கும் தெரியாமல் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பட்டறையில் தெரிந்துவிடும். அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஊரில் எனக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள், அக்கா."

வாசகர்களே, பட்டணத்துக்கு வந்த நம் வாலிபர்களின் பயம் முழுவதும் அந்த நான்கைந்து வார்த்தைகளில் அடங்கியிருந்தது. ஆறு பேர் படுக்கும் ஒரு மேல்தளம், ஒரு தையல் இயந்திரம், ஊருக்கு அனுப்பும் மாதப்பணம், நிச்சயமாகப் போகிற ஒரு திருமணம். இவை எல்லாவற்றையும் அவர் அந்தப் பாட்டிலுக்குள் அடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

நான் அந்தப் பாட்டிலைத் திறக்கவில்லை. ஏன் திறக்கமாட்டேன் என்பதை அவருக்கு விளக்கினேன். காசநோய்க் கிருமி காற்றின்மூலம் பரவுவது. காற்றோட்டமில்லாத சிறிய அறையில், பிள்ளைகள் நடுவே சளியைத் திறந்து கையாளுவது யாருக்கும் தகாத செயல். மேலும் அந்தக் கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு முதல் நான்கு பங்குதான். அதைப் பார்க்க 1000 மடங்கு பெரிதாக்கும் எண்ணெய் வில்லை வேண்டும். தகட்டின்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவி, பின்பு நீலச் சாயமிட வேண்டும். அமிலத்தாலும் கழுவ முடியாமல் சிவப்பாக நிற்கும் மெல்லிய கோடுகளே அந்தக் கிருமிகள்.

"சரி அக்கா, நீங்கள் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நான் நிம்மதியாகப் போவேனே" என்றார் அவர்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் பயிற்சி பெற்றவர்களின் கண்ணுக்கே அவை தட்டுப்படும். தகட்டில் நூறு இடங்களையாவது தேடிப்பார்த்த பிறகே, "காணப்படவில்லை" என்று எழுதுவோம். அப்போதும் அதற்கு, "வியாதி இல்லை" என்று அர்த்தமாகாது. நான் அன்று என் பலகையின்மேல் பார்த்து, "ஒன்றும் தெரியவில்லை தம்பி" என்று சொல்லியிருந்தால், அவர் சந்தோஷமாகத் திரும்பிப்போய், அந்த ஐந்து பேரின் நடுவே படுத்து இருமிக்கொண்டே இருந்திருப்பார்.

மறுநாள் காலை நானும் என் கணவரும் அவரை மாநகராட்சியின் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். திறந்த வெளியில் நிற்கவைத்து அவரிடம் புதிதாகச் சளி வாங்கினார்கள். கிருமியின் மரபுப்பொருளையே கண்டறியும் இயந்திரத்தில் அது பரிசோதிக்கப்பட்டது. காசநோய் உறுதியாயிற்று. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்தது. எந்த நுண்ணோக்கியும் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லியிருக்காது. மருந்துக்கு ஒரு காசும் கேட்கவில்லை. சத்துணவுக்காக அரசாங்கம் அன்று மாதம் 500 ரூபாயை அவர் வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2024 நவம்பர் முதல் அந்தத் தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

அவர் பயந்தபடியே பட்டறை மேஸ்திரி, "வேறு இடம் பார்த்துக்கொள்" என்றார். நாங்கள் போய் அவரிடம் பேசினோம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும், மற்றவர்களை நெருக்கமான ஏழை வீடுகளிலேயே வைத்தும் அங்கே மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்றும், அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் அதிக ஆபத்து உண்டாகவில்லை என்றும் ஆராய்ந்து கண்டார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. "நம்ம சென்னையிலா?" என்று கேட்டார் மேஸ்திரி. அவர் விழுப்புரத்துக்காரர். உடன் தங்கியிருந்த ஐந்து பேரும் பரிசோதனை செய்துகொண்டார்கள்; ஒருவருக்கும் நோய் இல்லை. தம்பிக்கு ஜன்னலோரம் படுக்க இடம் கொடுத்தார்கள்.

இடையில் ஒருநாள் அவர் மிகவும் கலங்கி என்னிடம் ஓடிவந்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, இரத்தம் என்று எண்ணிவிட்டார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் என்று சொன்னேன். "மருந்து வேலை செய்ய உள்ளே போயிருக்கிறது, தம்பி" என்றார் என் கணவர். மாத்திரையை நிறுத்திவிட நினைத்திருந்தவர், அந்த ஒரு வார்த்தையால் தொடர்ந்தார்.

ஆறு மாதங்கள் ஒருநாளும் தவறாமல் மருந்து உண்டார். குணமானார் என்று எழுதிக்கொடுத்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றுதான் அவருக்கு அந்தப் பலகையின்மேல் இடம் கொடுத்தேன். தன் கன்னத்துச் செல்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. நோயைப் பற்றி முன்னதாகவே பெண் வீட்டாரிடம் அவரே சொல்லியிருந்தார்.

வீட்டில் நோக்க விரும்புகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

வாசகர்களில் பிள்ளைகளுள்ளவர்கள் ஒரு நுண்ணோக்கி வாங்கிக்கொடுக்க விரும்பினால், நான் அதை மனதார வரவேற்கிறேன். மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2014-இல் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்னும் சிறு கருவிகூட 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் பின்வருவனவற்றை மனதில் வையுங்கள்.

1. உங்கள் சொந்தக் கன்னம், பல், மயிர், நகம் ஆகியவற்றோடு நில்லுங்கள். சளி, மலம், சீழ் ஆகியவற்றை வீட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். பிறருடையதை வாங்கிப் பார்க்காதீர்கள்.

2. இரத்தம் பார்க்க விரும்பும் பெரியவர்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புதிய ஊசிமுனையையே உபயோகிக்கவேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள்காமாலை பி, எச்.ஐ.வி. போன்றவை பரவக்கூடும்.

3. பயன்படுத்திய தகடுகளை, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஊசிமுனைகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

4. கருவியின் அடியிலுள்ள சிறு கண்ணாடியை நேரடிச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். கண் பார்வைக்கே கேடு உண்டாகும்.

5. பிள்ளைகள் கண்டதை ஒரு நோட்டில் வரைந்து, தேதியிட்டு வைக்கச் சொல்லுங்கள். வரைகிற பிள்ளை கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்ளும்.

6. கண்ட எதற்கும் வியாதியின் பெயரைச் சூட்டாதீர்கள். இரண்டு வாரங்களுக்குமேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், சளியிலோ சிறுநீரிலோ இரத்தம் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவரிடமோ அரசு சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். அங்கே காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பிரியமானவர்களே, நம் வீட்டு ஜன்னலோரத்தில் நிற்கும் சிறு கருவி நம்மை ஆச்சரியப்படுத்தத் தகுந்தது. நமக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுந்ததல்ல. உங்கள் அறையிலோ, உங்கள் சபையிலோ, உங்கள் பட்டறையிலோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருமிக்கொண்டிருக்கக்கூடும். யாருக்கும் தெரியக்கூடாது என்ற பயமே அவருடைய கிருமிக்குப் பாதுகாப்பாயிருக்கிறது. அவரிடம் இரகசியமாகக் கேளுங்கள். ஆனால் பரிசோதனைக்கு வெளிப்படையாகக் கூடவே நடந்து செல்லுங்கள். தனியே போகத் தயங்குகிறவர், உடன் வர ஒருவர் இருந்தால் நிச்சயம் போவார்.